நிசேகோவில் விடுதி வேலை, கையில் ஒரு விடுமுறை நாள்: முதல் ஸ்கீ வகுப்புக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானின் ஹொக்கைடோவில் நிசேகோ அன்னுபுரி என்ற 1308 மீட்டர் மலையைச் சுற்றி கிராண்ட் ஹிராஃபு, ஹனாசோனோ, நிசேகோ வில்லேஜ், அன்னுபுரி என நான்கு ஸ்கீ (பனிச்சறுக்கு) மையங்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் உலர்ந்த குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இங்கே பொடிப்பனியாகக் கொட்டுகிறது. அந்தப் பனிக்காக உலகெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். சமையலறையிலோ ஹவுஸ்கீப்பிங்கிலோ வேலை செய்பவருக்கு அதே பனி வாசலிலேயே கிடக்கிறது. அவரிடம் இல்லாதது நேரம்தான்.

ஜப்பானியத் தொழிலாளர் சட்டப்படி வாரத்துக்கு ஒரு நாளாவது, அல்லது நான்கு வாரத்துக்கு நான்கு நாளாவது விடுமுறை தர வேண்டும். சீசன் உச்சத்தில் அந்தக் குறைந்தபட்சத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மறுநாள் காலை மறுபடி நின்றுகொண்டே வேலை. அதனால் கீழே சொல்லியிருப்பதெல்லாம் ஒரே கணக்கில் போட்டது: மாலையில் அறைக்குத் திரும்பும்போது முழங்காலும் மணிக்கட்டும் ஷிஃப்டுக்குப் போகிற நிலையில் இருக்க வேண்டும்.

எந்த நாள்

ஷிஃப்ட் அட்டவணை கைக்கு வந்த அன்றே வகுப்பைப் பதிவு செய்யுங்கள். நிசேகோவில் ஆங்கிலத்தில் சொல்லித்தரும் பள்ளிகளுக்குக் குறைவில்லை, ஆனால் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலும், சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களிலும் இடம் கிடைக்காது. அந்த நாட்களில் உங்கள் விடுமுறையும் பெரும்பாலும் ரத்தாகும். டிசம்பர் நடு வாரங்களிலோ மார்ச்சிலோ போவது நல்லது. மார்ச் என்றால் இன்னும் நல்லது: குளிர் தணிந்திருக்கும், வெளிச்சம் நீண்டிருக்கும், கூட்டமும் வடிந்திருக்கும். ஆனால் மார்ச் வரை காத்திருந்தால் சீசனில் பயிற்சி செய்ய நாள் மிஞ்சாது. ஆகவே முதல் வகுப்பை டிசம்பரிலேயே முடித்துவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

தொடர்ந்து ஆறு நாள் வேலை பார்த்த களைப்போடு மறுநாள் காலை வகுப்புக்கு ஓடாதீர்கள். இரண்டு நாள் சேர்த்து விடுமுறை கிடைத்தால் முதல் நாள் வகுப்பு, இரண்டாம் நாள் ஓய்வு என்று வையுங்கள். வலி உச்சத்துக்கு வருவது மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான்.

பணமும் காப்பீடும்

மேலாளரிடம் கேட்க வேண்டியவை நான்கு. பணியாளருக்கு லிஃப்ட் பாஸ் (சரிவின் மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்டுக்கான அனுமதி அட்டை) உண்டா? அது எந்த மையத்தில் செல்லும்? செல்லாத நாட்கள் எவை? வகுப்புக்கும் ரென்டலுக்கும் (ஸ்கீ கருவிகளின் வாடகைக்கும்) தள்ளுபடி உண்டா? பல விடுதிகளில் இவை உண்டு, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். பாஸ் இல்லையென்றால் நான்கு மையங்களுக்கும் பொதுவான நாள் டிக்கெட்டை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். முதல் நாளில் நீங்கள் ஏறப்போவது அடிவாரத்தின் ஒன்றிரண்டு லிஃப்டுகளில் மட்டும். சில வகுப்புகளின் கட்டணத்திலேயே அந்த லிஃப்ட் அடங்கியிருக்கும். டிக்கெட் வாங்குமுன் பள்ளியிடம் கேளுங்கள்.

தனி வகுப்பா, குழு வகுப்பா? முதல் நாளுக்குக் குழு வகுப்பே போதும். தனி வகுப்பின் பலன் தெரிவது மூன்றாம், நான்காம் வகுப்பில், உங்கள் தனிப்பட்ட கோளாறு என்னவென்று தெரிந்த பிறகுதான். இலவசமாகச் சொல்லித்தருகிறேன் என்று முன்வரும் சக ஊழியரை மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள். அவருக்கு நன்றாக ஓட்டத் தெரிந்திருக்கும். ஓட்டத் தெரியாத ஒருவரை எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியாது. நேரே மேல் லிஃப்டுக்கு அழைத்துப்போய் ‘மெதுவா வா’ என்பார்.

விடுமுறை நாளில் சரிவில் விழுந்து அடிபட்டால் அது வேலையில் ஏற்பட்ட காயம் ஆகாது, தொழிலாளர் விபத்துக் காப்பீடு வராது. ஜப்பானிய மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்திருந்தால் சிகிச்சைச் செலவில் பொதுவாக 30% உங்களுடையது. மருத்துவக் காப்பீட்டு விவரம் உங்களோடு இருக்கட்டும். நீங்கள் இன்னொருவர் மேல் மோதி அவருக்கு அடிபட்டால் அந்த இழப்பீட்டை மருத்துவக் காப்பீடு தராது. அதற்குத் தனிநபர் பொறுப்புக் காப்பீடு வேண்டும். ஒரு நாள், இரண்டு நாளுக்கென்றே சிறு தொகையில் எடுக்கக்கூடிய விளையாட்டுக் காப்பீடுகள் இருக்கின்றன. அதில் இந்தப் பிரிவும் உண்டா என்று பாருங்கள்.

முந்தைய மாலை: ரென்டல் கடை

காலையில் ரென்டல் கடைக்குப் போனால் வரிசையிலேயே முக்கால் மணி நேரம் கரையும். வேலை முடிந்ததும் முந்தைய மாலையே எடுத்துவிடுங்கள். மாலையில் எடுப்பதற்குத் தனி நாள் வாடகை போடாத கடைகளும் உண்டு. விசாரிப்பதில் நட்டமில்லை.

மற்ற எல்லாவற்றையும் விட பூட்ஸுக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். ஸ்கீ பலகை கொஞ்சம் தப்பாக இருந்தாலும் சமாளிக்கலாம், பூட்ஸ் தப்பினால் அன்றைய வகுப்பே போச்சு. அளவு சென்டிமீட்டரில்: குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, பெருவிரல் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். 26 வந்தால் 26 அல்லது 26.5 கேளுங்கள் (பெரும்பாலும் இரண்டுக்கும் வெளிக்கூடு ஒன்றுதான்). வசதியாக இருக்கட்டும் என்று 27.5 வாங்குவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. உள்ளே கால் நகர்ந்தால் நீங்கள் காலைத் திருப்பினாலும் பலகை திரும்பாது. அதைச் சரிக்கட்ட பக்கிளை இறுக்குவீர்கள், இரத்த ஓட்டம் தடைபட்டுப் பாதம் மரத்துப்போகும்.

போட்டுப் பார்க்கும் முறை:

1. முழங்கால் வரை வரும் மெல்லிய சாக்ஸ் ஒன்று மட்டும். இரண்டு சாக்ஸ் போட்டால் மடிப்பு விழுந்து கொப்புளம் வரும், சூடும் அதிகமாகாது.
2. உள் பேன்ட்டின் நுனியைப் பூட்ஸுக்கு மேலே சுருட்டி விடுங்கள். பூட்ஸுக்குள் சாக்ஸைத் தவிர எதுவும் போகக் கூடாது.
3. கால் உள்ளே போனதும் குதிகாலைத் தரையில் இரண்டு மூன்று முறை தட்டிப் பின்னால் தள்ளுங்கள்.
4. கணுக்கால் மடிப்பில் உள்ள பக்கிளை முதலில் போடுங்கள், அதுதான் குதிகாலைப் பிடித்து வைப்பது. பிறகு மேல் பக்கிள்கள். விரல்களுக்கு மேலே இருப்பது தளர்வாகவே இருக்கட்டும்.
5. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் தொடுவது விட வேண்டும்.
6. அதே நிலையில் குதிகாலைத் தூக்கப் பாருங்கள். தூக்க வந்தால் ஒரு அளவு சின்னது கேளுங்கள்.

போட்டபடி பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நடமாடுங்கள். எங்காவது ஒரு புள்ளியில் குத்தினால் அது நாளைக்கு நாலு மடங்காகும். கடைக்காரர் முகம் சுளிப்பாரோ என்று தயங்கி அப்படியே வாங்கிப் போகாதீர்கள். மாற்றித் தருவது அவர் வேலைதான்.

பலகையின் நீளம் முதல் நாளுக்குத் தாடை வரை அல்லது அதற்குச் சற்றுக் கீழே. 165 செ.மீ. உயரமானவருக்கு 135 முதல் 145 செ.மீ. சரியாக இருக்கும். அகலமான பொடிப்பனிப் பலகையை யாராவது பெருமையாக நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நடுப்பகுதி 70 முதல் 80 மி.மீ. அகலம் உள்ளதுதான் தளம் செய்த (இயந்திரத்தால் பனியைச் சமப்படுத்திய) சரிவில் சுலபமாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாறும்.

பைண்டிங் என்பது பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைத்து, விழும்போது விட்டுவிடும் கருவி. எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஓட்டும் திறமை ஆகியவற்றை வைத்துக் கடையில் அமைப்பார்கள். படிவத்தில் எடையை வெட்கப்பட்டுக் குறைத்து எழுதினால் ஓடும்போதே கழன்றுவிடும். திறமையைக் கூட்டி எழுதினால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். ‘தொடக்க நிலை’ என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள். அறை நண்பரின் பலகையை இரவல் வாங்கினாலும் இந்த அமைப்பை ஒரு கடையில் மாற்றிக்கொள்ளாமல் மலைக்குப் போகக் கூடாது.

ஹெல்மெட் கட்டாயம் எடுங்கள். தலையை ஆட்டினால் அது தனியாக ஆடக் கூடாது. கைத்தடிகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் ஒரு மணி நேரம் அவற்றைப் பல ஆசிரியர்கள் ஓரமாக வைக்கச் சொல்வார்கள்.

உடை

உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் ஃப்ளீஸ், வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேர்வையையும் பனியையும் குடித்துவிட்டு ஐஸாக ஒட்டிக்கொள்ளும். முதல் நாளில் விழுந்து எழுவதே பெரும்பாடு என்பதால் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக வேர்க்கும். ஜனவரியில் அடிவாரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 5 முதல் 10 டிகிரி இருப்பது சகஜம், காற்று வீசினால் இன்னும் கடுமையாகத் தெரியும். வேலையில் கொடுத்த கையுறை பத்து நிமிடம் தாங்காது. தண்ணீர் புகாத ஸ்கீ கையுறை தனியாக வேண்டும். குளிர் பழகாத கைகளுக்கு விரல் பிரியாத மிட்டன் மேல்.

காகிள்ஸுக்கு (கண்ணை மூடும் ஸ்கீ கண்ணாடிக்கு) மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புக் கண்ணாடி கேளுங்கள். நிசேகோவில் வெயிலை விட மேகமும் பனிப்பொழிவும்தான் அதிகம், கறுப்புக் கண்ணாடியில் மேடு பள்ளம் தெரியாது. காகிள்ஸை நெற்றியில் ஏற்றி வைத்தால் தலைச்சூட்டில் உள்பக்கம் ஆவி படியும். உள்பக்கத்தைக் கையுறையால் தேய்த்தால் ஆவி படியாமல் தடுக்கும் பூச்சு போய்விடும். வெயில் அடிக்கும் அபூர்வ நாளில் முகத்துக்கு சன்ஸ்கிரீன் போடுங்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80% வரை திருப்பி அடிக்கும்.

காலை: வகுப்பில் நடப்பது

வகுப்பு தொடங்கக் கால் மணி நேரம் முன்னதாகக் கூடும் இடத்தில் இருங்கள். லிஃப்ட் அட்டையை இடது பக்கப் பாக்கெட்டில் தனியாக வையுங்கள். பக்கத்தில் போனோ, இன்னொரு அட்டையோ இருந்தால் லிஃப்டுக்குப் போகும் கதவு திறக்காது. ஆசிரியரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: இதுவே முதல் முறை, பழைய காயம் எங்கே, நாளைக்கு வேலை இருக்கிறது. மூன்றாவதைச் சொல்ல மறக்காதீர்கள். நல்ல ஆசிரியர் அதை வைத்துத்தான் நிறுத்தும் நேரத்தை முடிவு செய்வார்.

முதல் தடங்கல் பலகையை மாட்டுவதிலேயே வரும். பூட்ஸின் அடியில் பனி கட்டியாக ஒட்டியிருந்தால் பைண்டிங் பூட்டாது, எத்தனை மிதி மிதித்தாலும். தடியாலோ பைண்டிங்கின் ஓரத்திலோ சுரண்டிவிட்டு, முன்நுனியை முதலில் செருகி, குதிகாலை அழுத்துங்கள். ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். சரிவில் மாட்டுவதானால் இரண்டு பலகையையும் சரிவுக்குக் குறுக்காக வைத்து, கீழ்ப்பக்கத்துப் பலகையை முதலில் மாட்டுங்கள்.

பிறகு சமதளத்தில் ஒற்றைப் பலகையோடு நடை, பக்கவாட்டில் படி ஏறுவது, தானாக நிற்கக்கூடிய சிறு சரிவில் நேராக வழுக்குவது. இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியும். பொறுமையாகச் செய்யுங்கள், பலகையின் நடுவில் நிற்பது இங்கேதான் பழகும்.

அடுத்தது ஆப்பு நிலை. இங்குள்ள ஜப்பானியர் ‘போகன்’ என்பார்கள். பலகைகளின் முன்முனைகள் ஒரு கை முஷ்டி இடைவெளியில் நெருங்கியிருக்க, குதிகால்களை வெளியே தள்ளிப் பின்முனைகளை விரிக்க வேண்டும். உள்ஓரங்கள் பனியைக் கடித்து வேகத்தைக் குறைக்கும். விரிக்க விரிக்க வேகம் குறையும், சுருக்கினால் கூடும். முழங்கால்களை ஒன்றோடொன்று இடிக்க வைக்காதீர்கள். விரிவு குதிகாலிலிருந்து வர வேண்டும்.

ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் கோளாறு ஒன்று உண்டு. வேகம் கூடினால் பயத்தில் உடம்பு பின்னால் உட்காரும். எடை பின்முனைக்குப் போனதும் முன்முனைகள் லேசாகி, எந்தப் பக்கமும் திரும்பாமல், பலகை இன்னும் வேகமாக ஓடும். ஓடினால் பயம் கூடும், பயம் கூடினால் இன்னும் உட்காருவீர்கள். இதை உடைக்க ஒரே அடையாளம் போதும்: கெண்டைக்காலின் முன்எலும்பு பூட்ஸின் நாக்கை எப்போதும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கைகளை முன்னால், கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். பார்வை பலகை நுனியில் இல்லாமல் போகப்போகும் இடத்தில் இருக்கட்டும்.

திருப்பம் எடையில்தான் இருக்கிறது. இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது காலை அழுத்துங்கள், வலது பக்கமென்றால் இடது கால். சைக்கிள் பழக்கத்தில் உடம்பைத் திரும்பும் பக்கமே சாய்த்தால் எடை உள்காலுக்குப் போய் பலகை நேராகவே ஓடும். திருப்பத்தை முடிக்காமல் பாதியில் விடுவது இன்னொரு தவறு. பலகை சரிவுக்குக் குறுக்காக வரும்வரை அழுத்தத்தை விடாதீர்கள். வேகத்தைத் தின்பது திருப்பத்தின் கடைசிப் பகுதி.

விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாக இடுப்பில் விழுங்கள். பின்னால் உட்கார்ந்தபடி விழுவதும், வழுக்கிக்கொண்டிருக்கும்போதே எழ முயல்வதும் முழங்காலின் முன் சிலுவைத் தசைநாரை அறுக்கக்கூடியவை. தடியைக் கையில் பிடித்தபடி கையூன்றி விழுந்தால் கட்டைவிரல் பின்னால் வளைந்து அடிபடும், சமையலறையில் கத்தி பிடிக்கிறவருக்கு அது பல வார விடுப்பு. எழும்போது முதலில் முழுவதும் நில்லுங்கள். பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காகவும் உடம்புக்குக் கீழ்ப்பக்கமாகவும் கொண்டுவந்து, மேட்டுப் பக்கக் கையை ஊன்றி எழுங்கள். முடியாவிட்டால் மேல் பலகையைக் கழற்றிவிட்டு எழுவதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

நாற்காலி லிஃப்ட்

தொடக்கத்தில் ஏறுவது தரையோடு நகரும் பட்டையான கார்பெட்டில்தான். நாற்காலி லிஃப்டுக்கு ஆசிரியரோடு போங்கள். தடிகளை ஒரே கையில் சேர்த்துப் பிடித்து, வாரை மணிக்கட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். முதுகுப்பை இருந்தால் முன்னால் மாட்டுங்கள். கோட்டில் நின்று தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, நாற்காலி கால் பின்புறம் தொட்டதும் உட்காருங்கள், பாதுகாப்புக் கம்பியை இறக்குங்கள். லிஃப்ட் ஊழியரிடம் ‘ஷோஷின்ஷா தெஸ்’, அதாவது புதியவன் என்று சொன்னால் பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பார்.

இறங்கும்போது பலகை முன்முனைகளைச் சற்றுத் தூக்கி வைத்து, அடி முழுவதும் பனியில் பட்டதும் எழுந்து நின்று நேராக வழுக்கிச் செல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பிடித்தால் இருவரும் விழுவீர்கள். இறங்குமிடத்தில் விழுந்தால் தலையைத் தாழ்த்தித் தவழ்ந்தாவது ஓரம் போய்விடுங்கள், பின்னால் அடுத்த நாற்காலி வருகிறது.

மதியம்

பன்னிரண்டு மணிக்கு மலை உணவகத்தில் இடம் கிடைக்காது. பதினொன்றே காலுக்குச் சாப்பிடுங்கள். சைவமாக இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறிக் கறி சோறு என்று எழுதியிருந்தாலும் ஜப்பானியக் கறிக்குழம்புக் கட்டியில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும், நூடுல்ஸ் சூப்பில் மீன் சாறு இருக்கும். கிராமத்துச் சேய்கோமார்ட் கடையில் உமேபோஷி (உப்பில் ஊறிய புளிப்புப் பழம்) வைத்த சோற்று உருண்டை இரண்டு, வாழைப்பழம், பிளாஸ்கில் வெந்நீர் என்று எடுத்துப்போவது நிம்மதி, செலவும் குறைவு.

மதியப் பயிற்சி காலையில் கற்ற அதே சரிவில்தான். புதுச் சரிவு வேண்டாம். ஜப்பானில் பச்சை தொடக்க நிலை, சிவப்பு நடுநிலை, கறுப்பு கடினம். பச்சையில் நினைத்த இடத்தில் நிற்கவும், இரு பக்கமும் தொடர்ச்சியாகத் திரும்பவும், உதவியின்றி லிஃப்டில் ஏறி இறங்கவும் வந்த பிறகே சிவப்பைப் பற்றிப் பேச்சு. இரவில் முப்பது சென்டிமீட்டர் கொட்டிய காலையில் ஊரே கொண்டாடும். புதியவருக்கு அது கெட்ட நாள், ஆப்பு நிலையில் ஆழப்பனி பலகையை மூழ்கடித்துவிடும். தளம் செய்த சரிவு எது என்று கேட்டு அங்கேயே இருங்கள். காற்றுக்காக மேல் லிஃப்டுகளை நிறுத்தினாலும் அடிவாரம் பெரும்பாலும் ஓடும். வகுப்பு ரத்தென்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம், பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரிவின் அடிப்படை விதி: கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருபவர்தான் ஒதுங்க வேண்டும். நிற்பதானால் ஓரத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் நில்லுங்கள். கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் கால் வைக்காதீர்கள். எல்லைக்கு வெளியே போக வாயில்கள் உண்டு, அவற்றைத் திறப்பதும் மூடுவதும் ‘நிசேகோ விதிகள்’ என்ற தனி ஏற்பாட்டின்படி. கயிற்றுக்குக் கீழே நுழைந்தால் லிஃப்ட் பாஸைப் பறிப்பார்கள். பணியாளர் பாஸ் என்றால் விஷயம் மேலாளர் மேசைக்கும் போகும்.

மூன்று மணிக்கு முடித்துவிடுங்கள். டிசம்பர் கடைசியில் இங்கே நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும், அதற்கு முன்பே சரிவின் நிழல் மங்கி மேடு பள்ளம் தெரியாமல் போகும். தொடை நடுங்கத் தொடங்கினாலோ, காலையில் வந்த திருப்பம் வராமல் போனாலோ மணி இரண்டானாலும் அதுதான் கடைசி இறக்கம். ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்பதில்தான் பலருக்கு முழங்கால் போகிறது.

அறைக்குத் திரும்பியதும்

ரென்டலைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தால் பூட்ஸை உலர்த்தும் அறையில் பக்கிள்களைத் திறந்து வையுங்கள். ஹீட்டருக்கு மேல் வைத்தால் உள்உறை உருக்குலையும், பணம் கட்ட வேண்டி வரும். தண்ணீர் குடியுங்கள், கெண்டைக்காலையும் தொடையையும் இழுத்துவிடுங்கள். தசை வலிக்கு ஆன்சென் (வெந்நீர் ஊற்று) குளியல் இதம். ஆனால் மூட்டு எங்காவது வீங்கியிருந்தால் அன்றைக்குச் சுடுநீர் வேண்டாம், துணி சுற்றிய ஐஸ் வையுங்கள். முழங்கால் ‘பொட்’ என்று சத்தமிட்டு வீங்கியிருந்தாலோ, கட்டைவிரலால் எதையும் கிள்ளிப் பிடிக்க முடியாவிட்டாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள், மேலாளருக்கும் அன்றிரவே சொல்லுங்கள். மறைத்து ஷிஃப்டுக்குப் போய் நடுவில் உட்கார்ந்துவிட்டால் இருவருக்கும் சங்கடம். சரிவிலேயே அடிபட்டால் நகராமல் ஸ்கீ ரோந்துப் படைக்குச் சொல்லி அனுப்புங்கள். மலைக்கு வெளியே ஆம்புலன்ஸ் எண் 119.

இரண்டாவது வகுப்பு இரண்டு வாரத்துக்குள் அமைந்தால் கற்றது நிற்கும். இடையில் மாலை ஷிஃப்ட் இல்லாத நாளில் கிராண்ட் ஹிராஃபுவின் விளக்கு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் பழகலாம். பகலில் மிதிபட்ட பனி இறுகிக் கடினமாகியிருக்கும், குளிரும் கூடியிருக்கும் என்பதால் இன்னும் ஒரு உடுப்பு கூடப் போடுங்கள். மறுபடி பதிவு செய்யும்போது முதல் வகுப்பில் ஆசிரியர் சொன்ன நிலை எண்ணை அப்படியே சொல்லுங்கள். ஒரு நிலை மேலே போட்டால் குழு உங்களுக்காகக் காத்து நிற்கும், நீங்கள் அவசரத்தில் மறுபடி பின்னால் உட்காரத் தொடங்குவீர்கள்.